கிங்ஸ்வில்லை விட்டுக் கிளம்பும் முன்

அன்புள்ள அம்மணிக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் நலம். ஆடிக் காற்று ஆரம்பித்துவிட்டது, மாட்டுக் கொட்டாயின் தகரம் ராத்திரியெல்லாம் தடதடக்கிறது. செவலைப் பசு இந்த மாதக் கடைசியில் கன்று போடும்.

ஞாயிற்றுக்கிழமை நீ பேசியதில் இருந்து எனக்கு ஒரே யோசனை. டல்லாஸில் வேலை கிடைத்ததில் எங்களுக்கு எவ்வளவு சந்தோஷம் என்று உனக்கே தெரியும். ஆனால் பேச்சோடு பேச்சாக, நீ படித்த தெற்கு டெக்சஸ் ஊரான கிங்ஸ்வில்லைப் பற்றி, "இந்த ஊர்ல மாடும் வெயிலும் விட்டா என்னப்பா இருக்கு, எப்படா கிளம்புவோம்னு இருக்கு" என்றாய். எனக்குச் சுருக்கென்றது. போனில் பதில் சொல்லவில்லை. சொல்ல வேண்டியது நிறைய இருந்தது, அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

மே மாதம் உன் பட்டமளிப்புக்கு வந்து மூன்று வாரம் அங்கே இருந்தேன் அல்லவா. நீ காலையில் ஆய்வகத்துக்குப் போனால் சாயங்காலம்தான் வருவாய். அந்த நேரமெல்லாம் நான் கிங்ஸ்வில்லைத்தான் நடந்து நடந்து பார்த்தேன். பழைய ஐஸ் ஃபேக்டரியில் வைத்திருக்கும், கிங் ரேஞ்ச் என்ற பெரிய மாட்டுப் பண்ணையின் அருங்காட்சியகத்துக்கு மட்டும் மூன்று தடவை போனேன். பண்ணையைச் சுற்றிக்காட்டும் பஸ்ஸில் இரண்டு தடவை. இரண்டு வருடம் உனக்குச் சோறு போட்ட ஊர் அது. எப்படி உண்டானது என்று தெரியாமல் நீ பெட்டி கட்டக் கூடாது.

வந்த இரண்டாம் நாள் நடந்ததை உன்னிடம் சொன்னேனா என்று நினைவில்லை. காலை நடைக்குப் போனவன் ரோட்டோரத்தில் அப்படியே நின்றுவிட்டேன். முழங்கால் உயரத்துக்குப் புல், நுனியில் பூனைவால் மாதிரி பழுப்புக் கதிர். ஒன்றை உருவினேன். விரலில் மெத்து மெத்தென்று சுணையாக ஒட்டியது. கொழுக்கட்டைப் புல்! கிளுவை வேலி கட்டிய நம் மேய்ச்சல் நிலமான கொறங்காட்டில், மழைக்கு அப்புறம் முதலில் தலைதூக்குமே, அதே புல். அங்கே அதற்கு பஃபல் புல் என்று பேர். நம் ஊரில் இருந்து போனதல்ல. கென்யா பக்கத்து விதை 1940-களில் டெக்சஸுக்குப் போய், மேய்ச்சலுக்காக விதைக்கப்பட்டு, அப்புறம் யாரும் விதைக்காமலே பரவியிருக்கிறது. மரத்தைப் பார்த்தால் மெஸ்கீட், நம் சீமைக் கருவேலத்தின் பங்காளி. வேலியோரமெல்லாம் சப்பாத்திக்கள்ளி. மழை பொய்த்த வருடங்களில் அந்தக் கள்ளியின் முள்ளைத் தீயில் பொசுக்கி மாட்டுக்குப் போடுவது அந்தப் பக்கத்து வழக்கம். இதையெல்லாம் பார்த்த பிறகு எனக்கு அது அந்நிய ஊராகவே தெரியவில்லை.

ஊருக்குத் தன் பேரைக் கொடுத்த ரிச்சர்ட் கிங் மாடு வளர்க்கும் குடும்பத்தில் வந்தவர் இல்லை. 1824-ல் நியூயார்க்கில் ஏழை ஐரிஷ் தாய் தகப்பனுக்குப் பிறந்தவர். ஒன்பது வயதில் ஒரு நகைக்கடைக்காரரிடம் தொழில் பழக விட்டார்கள். பதினோரு வயதில் அங்கிருந்து ஓடி, தெற்கே போகும் கப்பல் ஒன்றில் ஒளிந்துகொண்டார். கண்டுபிடித்துவிட்டார்கள். ஆனால் விரட்டவில்லை, கப்பலிலேயே எடுபிடி வேலை கொடுத்தார்கள். அப்படியே ஆற்றுப் படகு ஓட்டக் கற்று, மெக்சிகோவோடு சண்டை நடந்த 1847-ல் ரியோ கிராண்டே ஆற்றுக்கு வந்து சேர்ந்தார். மிஃப்ளின் கெனடி என்பவரோடு கூட்டுச் சேர்ந்து நீராவிப் படகில் நல்ல சம்பாத்தியம். அதனால்தான் கடைசிவரை அவரை எல்லோரும் கேப்டன் என்றே கூப்பிட்டார்கள்.

1852-ல் கார்ப்பஸ் கிறிஸ்டியில் ஒரு பெரிய சந்தை. பிரவுன்ஸ்வில்லில் இருந்து குதிரையில் போகிறார். வழியெல்லாம் ஈரமில்லாத சமவெளி. அதைக் கடந்து வந்தால் சாண்டா கெர்ட்ரூடிஸ் ஓடை, குடிக்கத் தண்ணீர், நிழலுக்கு மரம். அடுத்த வருடமே அந்த ஓடைக்கரையில் 15,500 ஏக்கரை 300 டாலருக்கு வாங்கினார். கணக்குப் போட்டுப் பார், ஏக்கருக்கு இரண்டு சென்ட்கூட ஆகவில்லை. 1854-ல் அதை ஒட்டி இன்னும் 53,000 ஏக்கர், 1,800 டாலருக்கு. நானும் தண்ணீர் பார்த்து நிலம் வாங்கிய குடும்பத்தில் பிறந்தவன்தான், அதனால் அந்த மனுசனின் கண்ணை மெச்சுகிறேன்.

மெச்சினாலும் இதையும் சொல்லியாக வேண்டும். அந்த நிலம் சும்மா கிடந்த நிலம் இல்லை. ஸ்பெயின், மெக்சிகோ ஆட்சிக் காலங்களில் மெக்சிகோக் குடும்பங்களுக்கு மானியமாகக் கொடுக்கப்பட்டது. முதலில் வாங்கிய 15,500 ஏக்கர் கமார்கோ ஊர் மெண்டியோலா குடும்பத்தாருடையது. 1848-ல் எல்லைக்கோடு ரியோ கிராண்டே ஆற்றுக்கு நகர்ந்ததும், ஒரே நாளில் சொந்த நிலத்தில் வேறு நாட்டுக்காரர்களாக ஆன குடும்பங்கள் எத்தனையோ. பட்டா பாஷை தெரியாமல், வக்கீல் செலவு தாங்காமல், பயத்தில் விற்றவர்கள் அந்தப் பகுதியில் ஏராளம். கிங் காசு கொடுத்துத்தான் வாங்கினார், பத்திரமும் இருக்கிறது. ஆனாலும் அந்த முதல் நிலத்தில் பாதி தங்களுடையது, 1883-ல் வந்த தீர்ப்பில் மோசடி நடந்தது என்று சாப்மன் என்ற கூட்டாளியின் வாரிசுகள் போட்ட வழக்கு 2003-ல்தான் டெக்சஸ் உச்ச நீதிமன்றத்தில் முடிந்தது. பண்ணைக்குத்தான் ஜெயம். நம் தாலுகா ஆபீஸில் வரப்பு வழக்குக்கு நடக்கும் பெரியவர்களைப் பார்த்து வளர்ந்தவள் நீ. 120 வருடம் கழித்தும் ஒரு மண் மறக்கப்படாமல் இருப்பது உனக்குப் புரியும்.

இப்போது நான் சொல்ல வந்த இடத்துக்கு வருகிறேன்.

1854-ல் வடக்கு மெக்சிகோவில் கடும் வறட்சி. தமௌலிபாஸ் மாநிலத்தில் குரூயாஸ் என்று ஒரு மலையோரச் சிற்றூர். புல் இல்லை, தண்ணீர் இல்லை. மாடு வாங்க வந்த கிங்கிடம் ஊர்க்காரர்கள் இருந்த மாட்டையெல்லாம் விற்றுவிட்டார்கள். வேறு வழி இல்லை, நின்றால் கண் முன்னால் செத்துப்போகும். கிங் மாடுகளை ஓட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். கொஞ்ச தூரம் போனதும்தான் அவருக்கு உறைத்திருக்கிறது: மாடு போன ஊரில் மனுசர்கள் எதைத் தின்பார்கள்? குதிரையைத் திருப்பினார். என்னோடு வாருங்கள், வீடும் சாப்பாடும் கூலியும் தருகிறேன் என்றார். ஊர் கூடிப் பேசி முடிவெடுத்தது. ஆண், பெண், குழந்தை என்று நூறு பேருக்கு மேல், தட்டுமுட்டுச் சாமானையும் கோழியையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு, விற்ற மாடுகளுக்குப் பின்னாலேயே வடக்கே நடந்தார்கள்.

அம்மணி, இந்த இடத்தை நான் அருங்காட்சியகத்தில் படித்தபோது அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். முப்பத்தொரு வருடம் கால்நடை ஆய்வாளராக வேலை பார்த்தவன். பஞ்ச வருடங்களில் கண்ணபுரம் சந்தையில், விற்ற மாட்டின் கயிற்றை விடாமல் பிடித்துக்கொண்டு நின்ற ஆட்களைப் பார்த்திருக்கிறேன். விற்ற மாட்டோடு ஊரே சேர்ந்து போன கதையை இதற்கு முன் கேட்டதில்லை.

மாடு வளர்க்கத் தெரிந்தவர்கள் அவர்கள்தான், கிங் இல்லை. கேப்டனுக்குப் படகு தெரியும். குதிரையில் உட்கார்ந்து கயிறு வீசுவது, சூட்டுக்கோல் பிடிப்பது, முரட்டுக் காளையைச் சாய்ப்பது, புதருக்குள் வழி கண்டுபிடிப்பது எல்லாம் அந்த வக்கேரோக்கள் கொண்டுவந்த வித்தை. ஸ்பானிஷில் வாக்கா என்றால் பசு, வக்கேரோ என்றால் மாட்டுக்காரர். படங்களில் பார்க்கும் கவ்பாயின் தொப்பி, கயிறு, சேணம் எல்லாவற்றுக்கும் மூலம் இவர்கள்தான். கிங்கின் ஆட்கள் என்ற பொருளில் அவர்களுக்குக் கினேன்யோஸ் என்றே பெயர் நிலைத்தது. பிள்ளை, பேரன், கொள்ளுப்பேரன் என்று ஆறு ஏழு தலைமுறையாக அந்தப் பண்ணையில் வேலை பார்த்த குடும்பங்கள் இருக்கின்றன. பட்டா ஒருவர் பேரில், பாடு இன்னொருவர் உடம்பில் என்ற வருத்தம் எனக்கு இருக்கத்தான் செய்கிறது. ஆனால் அந்த ஊரை யார் உண்டாக்கினார்கள் என்று என்னைக் கேட்டால் முதலில் குரூயாஸ்காரர்கள் பேரைத்தான் சொல்வேன்.

அதே 1854 டிசம்பரில் கிங் கல்யாணம் செய்துகொண்டார். பெண் ஹென்ரியட்டா, பிரவுன்ஸ்வில் பாதிரியாரின் மகள். மண் குடிசையில் குடித்தனம் ஆரம்பித்தார்கள். உள்நாட்டுப் போர் முடிந்த பிறகு வடக்கே மாட்டுக்கு நல்ல விலை. கிங்ஸ்வில் பக்கம் அப்போது ரயில் கிடையாது. அதனால் மாடுகளைக் கூட்டம் கூட்டமாகக் கான்சஸ் வரைக்கும் நடத்தியே ஓட்டிப் போனார்கள். கிங்கின் சூட்டுக் குறி போட்ட மாடுகள் ஏறத்தாழ ஒரு லட்சம் இப்படி வடக்கே போயின. நெளிந்து ஓடுகிற டபிள்யூ எழுத்து அந்தக் குறி. ஊரில் கடைப் பலகை, வண்டிக் கதவு என்று எங்கே பார்த்தாலும் இருக்கிறதே, அதுதான். 1869-ல் பதிவு செய்தது.

1885-ல் சான் அன்டோனியோவில் வயிற்றுப் புற்றுநோயில் கேப்டன் இறந்தார். ஐந்து லட்சம் ஏக்கருக்கு மேல் நிலம், கூடவே ஐந்து லட்சம் டாலர் கடன். இரண்டும் அந்த அம்மாள் தலையில். அன்றைக்கு உடுத்திய கறுப்பு உடையை அவர் நாற்பது வருடம் மாற்றவே இல்லை. நிர்வாகத்துக்கு ராபர்ட் கிளேபர்க் என்ற இளம் வக்கீலை வைத்துக்கொண்டார். ஒரு வழக்கில் தன்னையே தோற்கடித்த ஆள் என்று கேப்டன் தேடிப்பிடித்து வேலைக்கு வைத்தவர் அவர். அடுத்த வருடம் கடைசி மகள் ஆலிஸைக் கட்டிக்கொண்டு வீட்டுக்கே மருமகனானார்.

மாமியாரும் மருமகனுமாகத் தாங்கிய கஷ்டம் இரண்டு. ஒன்று உண்ணி, இன்னொன்று தண்ணீர்.

டெக்சஸ் மாடு போன வழியெல்லாம் வடக்கத்தி மாடுகள் காய்ச்சல் கண்டு செத்தன. டெக்சஸ் மாட்டுக்கு ஒன்றும் ஆகாது, அதன் பக்கத்தில் நின்ற மாடு விழும். காரணம் தெரியாமல் மாநிலம் மாநிலமாக வழியை அடைத்தார்கள். தியோபால்ட் ஸ்மித்தும் கில்போர்னும் 1893-ல் வெளியிட்ட ஆராய்ச்சியில்தான் அது உண்ணி பரப்பும் நோய் என்று ஊர்ஜிதமானது. பூச்சி பொட்டு கடித்து ஒரு நோய் பரவும் என்பதற்கு உலகத்துக்குக் கிடைத்த ஆரம்ப நிரூபணங்களில் அது ஒன்று. பயிற்சிக் காலத்தில் நான் பாடமாகப் படித்தது. கிளேபர்க் முன்பிருந்தே உண்ணியைச் சந்தேகப்பட்டவர். மாட்டை மருந்துத் தண்ணீரில் முக்கி எடுக்கும் தொட்டியை அமெரிக்காவில் முதலில் கட்டியவர்களில் அவர் ஒருவர். நான் ஊர் ஊராகப் போய் உண்ணி மருந்து தெளித்த வருடங்கள் எல்லாவற்றுக்கும் மூத்தது அந்தத் தொட்டி.

தண்ணீர் விஷயம் இன்னும் பெரிது. 1880-களின் பின்பாதியில் தொடங்கிய வறட்சி விட்டு விட்டு வருடக்கணக்கில் நீண்டது. ஓடை வற்றியது, மாடு செத்து விழுந்தது. கிளேபர்க் ஆழமாகத் துளை போடும் கனமான இயந்திரத்தைத் தருவித்தார். 1899-ல் ஒரு துளையில் தண்ணீர் தானாகப் பொங்கி மேலே வந்தது. பம்ப் வேண்டாம், இறைக்க வேண்டாம். பூமிக்குள் இருந்த அழுத்தமே தள்ளியது. நம் தோட்டத்தில் ஆயிரம் அடி போட்டும் புகை மட்டும் வந்த அன்றைக்குத் தாத்தா துண்டை முகத்தில் போட்டுக்கொண்டு படுத்தது உனக்கு நினைவிருக்கும், நீ ஆறாவது படித்தாய். அதற்கு நேர் எதிரான ஒரு காலைப் பொழுதை நினைத்துப் பார். அந்தத் துளை பொங்காமல் போயிருந்தால் கிங்ஸ்வில் இல்லை. தண்ணீர் நிச்சயமான பிறகுதான், மாடு மட்டும் நின்ற இடத்தில் மனுசர்களையும் குடிவைக்கலாம் என்ற எண்ணமே அவர்களுக்கு வந்தது.

குடிவைக்க ரயில் வேண்டும். மாட்டைக் கொண்டுபோகவும் ரயில் வேண்டும். கிளேபர்க்கும், யூரையா லாட் என்ற ரயில்வே ஆசாமியும், அக்கம்பக்கத்துப் பெரிய நிலக்காரர்களும் சேர்ந்து 1903-ல் கம்பெனி ஆரம்பித்தார்கள். செயின்ட் லூயிஸ், பிரவுன்ஸ்வில் அண்ட் மெக்சிகோ ரயில்வே என்று பெரிய பெயர். பாதைக்கும் ஊருக்கும் ஹென்ரியட்டா தன் நிலத்தில் இருந்து கொடுத்தார். பண்ணை வீட்டுக்குக் கிழக்கே சில மைல் தள்ளி, புதரை வெட்டித் தெருக்களை அளந்தார்கள். 1904 ஜூலை 4, அமெரிக்காவின் சுதந்திர நாள். அன்றைக்கு முதல் பயணிகள் ரயில் வந்து நின்றது. ஊரின் பிறந்தநாளாக அதைத்தான் சொல்கிறார்கள்.

நீ தினமும் கடந்து போகும் தெருப் பேர்களைக் கவனித்தாயா? கிங், ரிச்சர்ட், ஹென்ரியட்டா, கிளேபர்க், நெட்டி, எல்லா, ஆலிஸ், லீ. தெருப் பலகைகளைப் படித்துக்கொண்டே நடந்தால் அந்தக் குடும்பத்தின் தாயும் தகப்பனும் மகள்களும் மகனும் மருமகனும் வரிசையாக வந்துவிடுவார்கள். லீ என்பது இளம் வயதில் இறந்துபோன கடைசி மகன். நான் ஒருநாள் சாயங்காலம் எல்லாத் தெருவுக்கும் போனேன், லீ தெரு முனையில் கொஞ்ச நேரம் சும்மா நின்றேன்.

மனை விற்ற பத்திரங்களில் சாராயம் விற்கக் கூடாது என்று அந்த அம்மாள் நிபந்தனை போட்டார். எந்தச் சபைக்காரர் கோயில் கட்டக் கேட்டாலும் இடம் கொடுத்தார், பள்ளிக்கூடம் கட்டித் தந்தார். ஐஸ் ஃபேக்டரி, அச்சகம், பருத்தி அரவை ஆலை எல்லாம் வந்தன. ரயில்வேயின் தலைமை அலுவலகமும் பணிமனையும் வந்ததுதான் ஊருக்கு நிஜமான ஊட்டம். மாட்டுப் பண்ணைக்கு வேண்டிய ஆள் கொஞ்சம்தான், பணிமனைக்கு வேண்டியவர்கள் ஏராளம். 1911-ல் நகராட்சி. 1913-ல் கிளேபர்க் என்று தனி மாவட்டமே பிரித்து, இதைத் தலைநகராக்கினார்கள்.

அந்த நல்ல வருடங்களுக்குள்ளேயே ஒரு கெட்ட வருடமும் உண்டு. 1915-ல் எல்லையோரத்தில் கலவரம். பண்ணையின் தெற்குப் பகுதியான நோரியாஸில் துப்பாக்கிச் சண்டை நடந்தது. அதற்கு முன்னும் பின்னும் டெக்சஸ் ரேஞ்சர் காவலர்கள் விசாரணை இல்லாமல் சுட்டும் தூக்கிலிட்டும் கொன்ற மெக்சிகோ வம்சாவளியினர் பலர். 1919-ல் கனாலெஸ் என்ற சட்டமன்ற உறுப்பினர் தைரியமாக எழுந்து கேட்டு, விசாரணை வைத்தார்கள். உன் பல்கலைக்கழகத்தில் கூடப் படித்த பிள்ளைகளில் எத்தனை பேரின் பாட்டி வீட்டில் இந்தக் கதை இருக்குமோ. அவர்களிடம் நீ இதுவரை கேட்டிருக்க மாட்டாய்.

ஹென்ரியட்டா 1925 மார்ச் 31-ல், 92 வயதில் இறந்தார். சேதி பரவியதும் பண்ணையின் மூலை முடுக்கில் இருந்தெல்லாம் கினேன்யோக்கள் குதிரையேறி வந்தார்கள். இருநூறு பேர். சவ வண்டிக்கு இரண்டு பக்கமும் நெளிந்த டபிள்யூ குறி போட்ட குதிரைகளில் கூடவே வந்தார்கள். குழிக்குள் பெட்டியை இறக்கிய பிறகு, ஒவ்வொருவராகத் தொப்பியைக் கழற்றிப் பக்கவாட்டில் தாழ்த்திப் பிடித்துக்கொண்டு, குதிரையை மெல்ல ஓடவிட்டுத் திறந்த குழியை ஒரு சுற்று சுற்றிவந்து போனார்கள். நம் ஊரில் கொள்ளிக்குடம் சுற்றுவதுபோல. அந்த இருநூறு பேரில் குரூயாஸில் இருந்து நடந்து வந்தவர்களின் பேரப்பிள்ளைகளும் இருந்திருப்பார்கள் என்று நினைத்தேன். முதலாளி அம்மாளுக்குச் செய்த மரியாதை என்று அதைச் சொல்வார்கள். எனக்கு என்னவோ, மண்ணில் தங்களுக்கும் உரிமை உண்டு என்று குதிரைக் குளம்பால் எழுதிக் காட்டியது போலத்தான் தோன்றியது.

அதே 1925-ல்தான் நீ படித்த பல்கலைக்கழகமும் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியாகத் தொடங்கியது. அப்புறம் வளர்ச்சி வேகம்தான். 1933-ல் ஹம்பிள் என்ற எண்ணெய்க் கம்பெனிக்கு எண்ணெய் எடுக்கக் குத்தகை விட்டு, பண்ணை கடனைத் தீர்த்தது. 1942-ல் கடற்படை விமானத் தளம். நீ படிக்கும்போது தலைக்கு மேல் கிழித்துக்கொண்டு போகுமே ஜெட், அங்கே பழகும் விமானிகள்தான். 1950-ல் 16,898 பேர் இருந்த ஊர் பத்தே வருடத்தில் 25,297 ஆனது. 2020 கணக்கெடுப்பில் 25,402. நடுவில் கொஞ்சம் ஏறி இறங்கினாலும் அறுபது வருடத்தில் ஊர் ஏறத்தாழ அப்படியே இருக்கிறது, பெரிதாகப் பெருகவும் இல்லை, காலியாகவும் இல்லை. உனக்கு அது சலிப்பாக இருக்கலாம். எனக்கு அது நிதானமாகத் தெரிந்தது.

மாட்டைப் பற்றிச் சொல்லாமல் நான் கடிதத்தை முடிப்பேனா. பஸ்ஸில் போனபோது வேலிக்கு அந்தப் பக்கம் நின்ற காளைகளைப் பார்த்தேன். செர்ரிப் பழச் சிவப்பு. அலைதாடி தளர்ந்து தொங்குகிறது, தோள் மேல் சின்னதாகத் திமில். ஐரோப்பிய மாட்டுக்கு ஏது திமில்? விசாரித்தால் நான் நினைத்ததுதான். சீமையில் இருந்து வந்த ஷார்ட்ஹார்ன் மாடு நல்ல கறி வைக்கும், ஆனால் அந்த வெயிலும் உண்ணியும் அதற்கு ஆகவில்லை. அதனால் 1910 வாக்கில் பக்கத்துப் பண்ணைக்காரர் கொடுத்த கலப்புக் காளையில் ஆரம்பித்து, பிராமன் ரத்தத்தைச் சேர்த்தார்கள். பிராமன் என்பது நம் நாட்டில் இருந்து போன கிர், குஜராத்தின் காங்கிரேஜ், ஓங்கோல், கிருஷ்ணா பள்ளத்தாக்கு மாடுகளில் இருந்து அங்கே உருவான இனம். 1920-ல் பிறந்த ஒரு காளைக்கன்று, குறும்புக்காக மங்கி என்று பேர் வைத்தது, நினைத்த குணம் எல்லாம் சேர்ந்து வந்தது. அதன் மகன்களே நூற்றைம்பதுக்கு மேல் பொலிகாளைகளாக நின்று இனத்தைப் பெருக்கின. எட்டில் மூன்று பங்கு பிராமன், எட்டில் ஐந்து பங்கு ஷார்ட்ஹார்ன். அந்த ஓடையின் பேரையே வைத்து சாண்டா கெர்ட்ரூடிஸ் என்றார்கள். 1940-ல் அமெரிக்க அரசு அதை அந்த மண்ணில் உருவான முதல் கறிமாட்டு இனமாக அங்கீகரித்தது. பழையகோட்டைப் பட்டக்காரர் வீட்டில் காங்கேயம் மாட்டை எப்படிக் கண்ணும் கருத்துமாகக் காத்தார்கள் என்று கேட்டு வளர்ந்தவன் நான், அதனால் ஒரு இனத்தை நிலைநிறுத்த முப்பது வருடம் காத்திருந்தவர்களின் பொறுமை எனக்கு விளங்கும். வேலியோரம் வந்த ஒரு காளை என்னையே பார்த்தது. "ஏனப்பா, சௌக்கியமா?" என்று கேட்டேன். பஸ்ஸில் இருந்தவர்களுக்குப் புரியவில்லை.

நீல்காயும் அங்கே இருக்கிறது. நம் வடநாட்டு மான் இனம், அந்தப் பண்ணையில் கொண்டுவந்து விட்டு, இப்போது தெற்கு டெக்சஸில் ஆயிரக்கணக்கில் திரிகிறது. அந்தப் பழைய உண்ணியை இப்போது அதுவும் சுமந்து திரிகிறது என்று கவலைப்படுகிறார்கள். விட்டால் உண்ணியைப் பற்றி இன்னொரு கடிதமே எழுதுவேன், இருக்கட்டும்.

உனக்கு ஆகஸ்ட் பத்தாம் தேதி வரைக்கும் நாள் இருக்கிறது. அதற்குள் எனக்காக இரண்டு காரியம். ஹென்ரியட்டாவை அடக்கம் செய்த சேம்பர்லேன் கல்லறைத் தோட்டத்துக்கு ஒருநாள் போய்விட்டு வா. நான் போன அன்று மழை வந்து திரும்பிவிட்டேன். கேப்டனையும் சான் அன்டோனியோவில் இருந்து எடுத்துவந்து அந்த அம்மாள் பக்கத்திலேயே வைத்திருக்கிறார்கள்.

இன்னொன்று. 1904-ல் ரயில் வந்து நின்ற டெப்போ இப்போது சின்ன அருங்காட்சியகம். பயணிகள் ரயில் இல்லை, ஆனால் சரக்கு ரயில் இன்னும் அந்தத் தண்டவாளத்தில்தான் போகிறது. விடியற்காலை நீ தூங்கிக்கொண்டிருக்கும்போது அது நீளமாக ஊதிக்கொண்டு போகும். மூன்று வாரமும் நான் அந்தச் சத்தத்துக்குத்தான் எழுந்தேன். ஒருநாள் அலாரம் வைத்து எழுந்து, போனில் பதிந்து எனக்கு அனுப்பு. அம்மா பருப்புப் பொடி இடித்து வைத்திருக்கிறாள், டல்லாஸ் விலாசம் வந்ததும் அனுப்புவோம்.

அன்புடன்,
அப்பா